டோரீன் உட்கார்ந்த இடம்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரின் நர்ஸ் டோரீன், வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் தெற்கே தன் சொந்த ஊருக்குப் போன மறுவருஷமே இறந்துபோனாள். அவள் தம்பி வால்டர் சாம்பலை ஒரு மரப்பெட்டியில் எடுத்துக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கினார். தன்னை எங்கள் ஊரிலேயே புதைக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாளாம். எங்கள் மயானத்தில் குடும்பம் குடும்பமாகத்தான் படுத்திருப்போம். "எந்தக் குடும்பத்துக்குப் பக்கத்துல வைப்பீங்க?" என்று அவர் கேட்டார். அது தெரிந்த பிறகுதான் பெட்டியை எங்களிடம் விடுவதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று முடிவு செய்வாராம்.

ஊர்க்கூடத்தில் நினைவுக் கூட்டம் போட்டோம். பேசுவதற்கா விஷயம் இல்லை? இந்த ஊர் இளசுகளில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். புயலில் விமானம் வராத நாட்களில், பனிவண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு, சீல் என்கிற கடல்நாயை வேட்டையாடும் முகாம்களுக்குப் போவாள். என் அம்மா, என் அக்காவின் வீட்டில் படுக்கையில் கிடந்த குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்ததும் அங்கே போய் உடம்பு துடைத்துவிட்டு, தலைவாரிப் பின்னலும் போட்டுவிட்டு வருவாள். அம்மா என்னை மறந்த பிறகும் டோரீனை மறக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

என் கூட்டாளி நமோனாய், தன் மகனை அவள் பிழைக்கவைத்த கதையைச் சொல்லி எல்லோரையும் அழவைத்துவிட்டான். அவன் அழவைத்தால் நான் சும்மா இருப்பேனா? மைக்கைப் பார்த்து நடந்தேன்.

"ஐபிலிகிட்ட அதக் குடுக்காதீங்கடா, பனி உருகுற வரைக்கும் விடமாட்டான்!" என்றான் நமோனாய். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அது போதாதா எனக்கு?

"டோரீன் எங்க வீட்டுப் பொண்ணு," என்றேன், வால்டருக்குப் புரிவதற்காக இங்கிலீஷிலும் சேர்த்து. "எங்ககூட தரையில உக்காந்து மீன் தின்னுட்டு, கைய என் சட்டையில தொடச்சிட்டுப் போவா. அவளுக்குன்னு எங்க வீட்ல ஒரு இடமே இருந்துச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள், என் மனைவி பிதலூசி தவிர. வால்டர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த இடத்த நான் பாக்கணும், ஐபிலி."

வழிநெடுக பிதலூசி எங்கள் மொழியில் திட்டிக்கொண்டே வந்தாள். "எப்ப அவ நம்ம வீட்ல சாப்பிட்டா? உன் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

"யாராவது ஒருத்தர் வீட்ல சாப்பிட்டிருப்பா இல்ல?"

"யாரு வீட்ல? சொல்லு."

நமோனாய் வீட்டில் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவன் என் வீட்டில் என்று நினைத்திருப்பான். 

உள்ளே வந்ததும் வால்டர் பெட்டியை மேசைமேல் வைத்தார். "எங்க உக்காருவா?"

அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் காட்டினேன். அவர் அங்கே குந்தி உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்தார். நிமிரவே இல்லை.

"மீன்னா அவளுக்கு ஆகாது, ஐபிலி. மீன்பிடிக்கிற வீட்ல பொறந்தவதான், ஆனா ஒரு துண்டு வாயில பட்டாலும் தொண்டை வீங்கிரும்."

என் காதெல்லாம் எரிந்தது. பிதலூசி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"சீல் கறின்னாத்தான் அவளுக்கு அவ்வளவு ஆசை," என்றார் அவர். "இங்க வந்த புதுசுல, சீல் அடிச்சிருக்கோம், வெட்டித் திங்கக் கத்தி எடுத்துட்டு வாங்கன்னு ஊர் ரேடியோவுல யாரோ சொன்னாங்களாம். கிளினிக் பொண்ணுகிட்ட வீட்டக் கேட்டுக்கிட்டு ஆசையா போயி கதவத் தட்டியிருக்கா. உள்ள ஒரே சிரிப்பு. தட்டினதும் கப்புன்னு நின்னுபோச்சாம். யாரும் திறக்கல. 'அது எனக்குச் சொன்னதில்லடா, ஊருக்குச் சொன்னது'ன்னு என்கிட்ட சொல்லிச் சிரிப்பா. அதுக்கப்புறம் சீக்குன்னு கூப்பிட்டாத்தான் ஒரு வீட்டுக்குப் போவாளாம்."

எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கறி இருக்கிறதென்றால் நேரே உள்ளே வந்து உட்கார வேண்டியதுதான். ரேடியோவில் ஊருக்குச் சொல்வதோடு சரி, ஆளாளுக்குத் தனியாக வா என்று சொல்கிற வழக்கமே கிடையாது. தட்டுகிறவர் போலீஸ்காரர் ஒருவர்தான். அந்தச் சீல் விருந்து அன்றைக்கு என் கட்டிலுக்கடியில் ஒரு வாளி சாராய ஊறல் இருந்தது. சத்தம் கேட்டதும் எல்லோர் வாயையும் அடைத்தவன் நான். காலடி ஓசை தேய்ந்த பிறகு, போலீஸையே ஏமாற்றிவிட்டோம் என்று நானும் நமோனாயும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதை ஒரு வீரக்கதையாக எத்தனை விருந்தில் சொல்லியிருக்கிறேன்! வெட்கங்கெட்டவன்.

"அது இந்தக் கதவுதான்," என்றாள் பிதலூசி. "போலீஸுன்னு நெனச்சிட்டோம்."

வால்டர் எழுந்து கதவைப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கையில் எடுத்தார்.

"விட்டுட்டுப் போங்க," என்றேன்.  "எங்கம்மா பக்கத்துல வைக்கிறோம். அவளுக்கு நான் சொல்றேன், வா டோரீன்னு. நானே கூப்பிடுறேன்."

"நீங்க கெட்டவங்க இல்ல, ஐபிலி. ஆனா இப்ப கூப்பிட்டா அவளுக்குக் கேக்காது."

பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இரண்டு கையிலும் பெட்டியைப் பிடித்திருந்ததால் தாழ்ப்பாளைத் தொட முடியாமல் நின்றார். நான் போய்த் திறந்துவிட்டேன். டோரீனுக்காக நான் அந்தக் கதவைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.