மேடை ஏறிய கட்டில்

என் அத்தான் சுகாதார அதிகாரி. மைக் கிடைத்தால் கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி மூச்சு விடாமல் பேசுவார். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்கு நழுவிவிடுவார்.

அக்காவுக்குச் சில மாதங்களாக நாள் கணக்கில்லாமல் ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. அத்தானிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"அதிகாரி பொண்டாட்டியே பரிசோதனை வரிசையில நின்னா என் மானம் என்னாகும்?" என்றாராம். ஊரில் உள்ள பெண்களையெல்லாம் அந்த வரிசைக்கு அழைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அவர் நடத்திய பரிசோதனை முகாமுக்கு அக்காவைக் கூட்டிப்போனது விருந்தினருக்குப் பூங்கொத்து நீட்டுவதற்காக. நான் அவளுக்குத் துணை. பள்ளிக்கூட மண்டபம் நிறையப் பெண்கள். மேடையில் வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை, அதன்மேல் பளபளவென்று கேடயங்கள்.

டாக்டரம்மா பக்கத்து வகுப்பறையிலிருந்து அத்தானிடம் வந்தார். "சார், பரிசோதனைக் கட்டில் எங்க?"

"மேடையில இருக்கு மேடம். கேடயம் வைக்க மேசை பத்தல. விழா முடிஞ்சதும் தந்துடுறோம்."

"விழா எப்ப முடியும்?"

"சிறப்பு விருந்தினர் வந்தாத்தானே ஆரம்பிக்கவே முடியும்!"

வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் ஒவ்வொருவராக எழத் தொடங்கினார்கள். அத்தானுக்கு வேர்த்துவிட்டது. புகைப்படக்காரர் வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டால்? பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே, இதுல வெட்கப்பட என்ன இருக்கு? யாரு முதல்ல வர்றீங்க?"

மேடை ஓரத்தில் நின்ற அக்கா பூங்கொத்தை அவர் கையில் திணித்தாள்.

"நான் வர்றேங்க. முதல்ல இந்தக் கட்டிலைக் காலி பண்ணச் சொல்லுங்க."

அது மைக்கிலும் கேட்டுவிட்டது. மண்டபமே சிரித்தது. வாசல்வரை போன சிலர் மேடையேறி, கேடயங்களைச் சிறப்பு விருந்தினரின் சோபாவில் குவித்துவிட்டு, கட்டிலை வகுப்பறைக்குத் தூக்கிப் போனார்கள். அத்தான் பூங்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே டாக்டரம்மா, கோளாறு உள்ள இடத்தை வெளுத்துக் காட்டும் காடித் திரவத்தைத் தடவிப் பார்த்தார். வெள்ளையாக ஒரு சின்னத் திட்டு தெரிந்தது. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நானும் அக்காவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"புற்றுநோய் இல்லம்மா. விட்டிருந்தா ஆகியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அந்தத் திட்டை அகற்றும் சிகிச்சையும் அன்றே முடிந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த முகாமில் அந்தச் சோபாவில் அத்தானே உட்கார்ந்திருந்தார். சொந்த மனைவியையே முதல் ஆளாக அனுப்பி வைத்த துணிச்சலுக்காக அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். "மாற்றம் நம்ம வீட்டுலேர்ந்து தொடங்கணும்" என்று அவர் குரல் தழுதழுக்க, கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது.

கைதட்ட அக்கா அங்கே இல்லை. பரிசோதனை அறையில் கட்டில் கிடக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தாள்.