ஐந்தரை மணி வண்டி

மைத்துனர் ஜன்னலோரத்து நாற்காலியைத் தூக்கியதும் கண்டக்டர் வந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார்.

“விடு.”

“வந்தவங்க நிக்கறாங்க, மாமா.”

“நிக்கட்டும்.”

கண்டக்டரின் மனைவியைக் கிடத்தியிருந்த கட்டிலைச் சுற்றி ஜனங்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். இரண்டு நாற்காலிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, வாசலைப் பார்த்தபடி யாரும் உட்காராமல் கிடந்தன. துக்க வீட்டில் யாரும் அப்படி நாற்காலி போடமாட்டார்கள்.

“அது இருக்கட்டும் மாமா,” என்றாள் மகள். “பக்கத்து வீட்டுல கேட்டிருக்கேன்.”

மைத்துனர் நாற்காலியை வைத்துவிட்டு அக்காவின் காலடிக்குப் போனார்.

ஓய்வுபெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். வீட்டுக்குள் மட்டும் ‘என்னங்க’. மூன்று வருடத்துக்கு முன் அந்த ‘என்னங்க’ நின்றது.

டாக்டர் அல்சைமர் என்று எழுதிக் கொடுத்து நிமிர்வதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். மீதியை ஆளாளுக்குச் சொன்னார்கள். மைத்துனர் தலைக்கு ஓர் எண்ணெய் கொண்டுவந்தார். தினமும் கேள்வி கேட்டால் மூளை விழித்துக்கொள்ளும் என்று செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். கண்டக்டரும் எட்டு மாதம் காலையில் எழுந்ததும் அவளை எதிரில் உட்காரவைத்துக் கேட்டார்.

“நான் யாரு? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவள் யோசிப்பாள். அவர் முகத்தில் விடை எழுதியிருப்பதுபோல் பார்ப்பாள். அப்புறம் அவரைக் கண்டாலே சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மருந்துக்கடைப் பெண்தான் சீட்டின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தாள். இந்த நோய் வந்த குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம். போனை எடுத்த அம்மாள் முன்பு நர்ஸாக இருந்தவர்.

“கேள்வி கேக்கறதை இன்னைக்கே நிறுத்திடுங்க, சார். அவங்க பரீட்சைக்கு உக்காரலை.”

“எண்ணெய்?”

“முடிக்கு நல்லது.”

செவ்வாய்தோறும் பேசினார். எது குறையும், எது குறையாது என்று அந்த அம்மாள் மறைக்காமல் சொன்னார்.

சாயங்காலம் ஐந்தரை ஆனால் அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். வீட்டுக்குப் போகணும் என்பாள். இதுதாண்டி வீடு என்று அவர் கத்துவார். அழுகையில் முடியும்.

“வாதாடாதீங்க, சார். கூடவே கிளம்பிடுங்க.”

அவளுக்கு முழங்கால் சரியில்லை. எங்கே கிளம்புவது? பரணிலிருந்து தோல் பையையும் விசிலையும் இறக்கினார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்.

“வீட்டுக்குப் போறவங்க ஏறுங்க!”

அவள் ஏறினாள். முன்னால் அவள், பின்னால் அவள் பை. செல்லாத பழைய டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“தம்பி,” என்றாள். அவளைவிட ஆறு வயது மூத்தவர் அவர். “ஸ்டாப்புல என் வீட்டுக்காரர் நிப்பாரா?”

“நிப்பாரும்மா.”

“எப்பவும் நிப்பார். மழைன்னா குடையோட.”

அவள் வேலைக்குப் போய்வந்த அத்தனை வருடத்தில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. அந்த நேரத்தில் அவருக்கு டூட்டி, வேறு தடத்தில்.

ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். இரண்டு வருடம் தினமும் போனார்கள். அவள் இறங்க வேண்டிய இடம் வரவேயில்லை.

இப்போது அவர் சமையலறைக்குப் போய் அந்த நம்பரை அழைத்தார்.

“கண்டக்டர் பேசறேன். காலையில போய்ட்டா. தூக்கத்துலயே.”

சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“ஒண்ணு கேக்கணும். இத்தனை நாள்ல ஒரு நிமிஷமாவது, நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரியலை, சார். தெரியாததைத் தெரியும்னு உங்ககிட்ட நான் சொன்னதில்லை.”

“ம்.”

“வேற யாராவது டிக்கெட் கொடுத்தா வாங்கிப்பாங்களா?”

மகள் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். மைத்துனர் விசிலடித்தே பார்த்திருக்கிறார். பையை மடியில் இறுக்கிக்கொண்டு, “இது நம்ம வண்டி இல்ல” என்றுவிட்டாள்.

“இல்ல,” என்றார்.



“செவ்வாய்க்கிழமை கூப்பிடுங்க, சார்.”

“இனிமே எதுக்கும்மா?”

“உங்களுக்கு.”

அவளை எடுக்கும்போது மைத்துனர் அவர் தோளில் சாய்ந்து அழுதார். “ஏதேதோ சொல்லி உங்களைக் குழப்பிட்டேன், மாமா. அந்த எண்ணெய் வேற...”

“முடி கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சுடா.”

அடக்கம் முடிந்து திரும்பியபோது மணி ஐந்து. குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். நாற்காலிகள் அப்படியே இருந்தன. தோல் பையை எடுத்துப் பின் நாற்காலியில், அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்தார்.

“எங்கப்பா?”

“ஸ்டாப் வரைக்கும்.”

மகள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள்.

தெருமுனை நிறுத்தத்தில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். இரண்டடி தள்ளி அவர் நின்றார். ஐந்தரை வண்டி வந்தது. இறங்குகிறவர்களுக்கு இடம்விட்டு, குடையைக் கைமாற்றிக்கொண்டார்.