கெட்டிமேளத்துக்கு ஒரு ட்ரம்பெற்

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. போன மாதம் ஒரு கலியாணத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. கெட்டிமேளம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. அபசகுனச் சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே அந்த நேரத்தில் மேளத்தைப் போட்டு அடிக்கிறார்கள்! மேளம் இல்லாதிருந்தால்? வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "1988ஆம் ஆண்டு, லண்டன் மாநகரம் வெண்பனியால் போர்த்தப்பட்டு..."

(வேண்டாம். லண்டன் என்றாலே பனி கொட்டவேண்டுமா? அது ஆனி மாதம். நல்ல வெயில்.)

இரண்டாவது: "சவிரிமுத்து ட்ரம்பெற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்."

இது போதும்.

2

சவிரிமுத்து யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். கோயில் திருநாள் பாண்டில் ஊதிய வாய், அகதியாக லண்டனுக்கு வந்த பிறகும் சும்மா கிடக்கவில்லை. கிழமை நாட்களில் குட்மேய்ஸில், கார்களுக்குப் பெற்றோல் அடிக்கும் செற்றில் வேலை. ஞாயிறு மத்தியானம் ஆர்ச்வேயில் ஒரு பப்பில், ரெறி என்ற வெள்ளைக்காரத் தபால்காரரின் பாண்டில் ட்ரம்பெற். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் ஊர் ஜாஸ் மட்டும்தான் வாசிப்பார்கள். அந்த ஊரில் செத்தவீட்டுக்கும் பாண்ட் உண்டு: போகும்போது அழுகை, அடக்கம் முடிந்து திரும்பும்போது குடை பிடித்து ஆட்டம். இதைக் கேட்ட அன்றே சவிரிமுத்துவுக்கு, காணாத அந்த ஊர் பிடித்துப்போயிற்று.

[யாழ்ப்பாணத்தவர் ஜாஸ் ஊதினார் என்றால் நம்புவீர்களா என்று எனக்கே சந்தேகம். அவர் கையில் ஒரு வயலினைக் கொடுத்துப் பார்த்தேன். மனுஷன் தொடவேயில்லை.]

3

கூட வேலை செய்யும் யோகராஜாவின் மகள் சுலோச்சனாவுக்குக் கலியாணம். பாரிசிலிருந்து வரவேண்டிய நாதஸ்வரக் கோஷ்டி விசாச் சிக்கலில் நின்றுவிட்டது. (கசெற் போட்டிருக்கலாமே என்பீர்கள். இருந்த ஒரே கசெற்றை ரேப் றெக்கோடர் தின்றுவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு இவ்வளவு உரிமைகூட இல்லையா?)

மாப்பிள்ளையின் பெரியம்மா பாலாம்பிகை முதலே இந்தச் சம்பந்தத்தில் நொட்டை பிடித்துக்கொண்டிருந்தவர்.

"மேளமில்லாமல் தாலி கட்டுறதோ? சகுனம் பிழைச்சுதெண்டால் பெடியனைக் கூட்டிக்கொண்டு போயிடுவன்!"

யோகராஜா பெற்றோல் செற்றுக்கு ஓடிவந்து சவிரிமுத்துவின் கையைப் பிடித்தார். "அண்ணை, உங்கடை வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வர ஏலுமோ? என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை."

"ஓம். யோசியாதையும். நான் பாத்துக்கொள்ளுறன்."

வாக்குக் கொடுத்தாயிற்று. கலியாண மண்டபத்தில் ஐயர் பாண்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவை வழமையா எங்கை வாசிக்கிறவை?"

சவிரிமுத்து மாதாவை நினைத்துக்கொண்டார். "ஊர்வலத்திலை, ஐயா."

பொய்யில்லை. எந்த ஊர்வலம் என்று ஐயர் கேட்கவில்லை.

4

ரெறிக்குச் சவிரிமுத்து சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: ஐயரின் கையைப் பார். கை உயர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று உலகத்தில் யாருக்குத்தான் தெரியாது?

ரெறிக்கும் தெரியும். அவர்களுடைய பாண்டில் தலைவர் கையை உயர்த்தினால், இந்தச் சுற்றோடு நிறுத்து என்று அர்த்தம்.

பாண்ட் வெளுத்து வாங்கியது. சமையலுக்கு நின்றவர்கள் அகப்பையோடு ஓடிவந்தார்கள். நாலு நாளாகச் சாப்பாடு இறங்காத யோகராஜா தொடையில் தாளம் போட்டார். யாரோ ஒரு குடையை விரித்துச் சுழற்றினார்கள். மணவறையில் தலை குனிந்திருந்த சுலோச்சனாவின் தோள் ஆடியதை நானே கண்டேன். எழுதும்போது எனக்கும் சந்தோஷத்தில் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஐயர் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அந்தச் சுற்றோடு பாண்ட் டக்கென்று நின்றது.

ஓமத்தில் நெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. மாப்பிள்ளையின் கையில் தாலி. முன்வரிசையில், ஆனி மாதத்துப் பூந்தூள் மூக்கில் ஏறி, கண்ணை மூடி, வாயைப் பிளந்துகொண்டு ஒருவர். வேறு யார், பாலாம்பிகையேதான்!

5

முடிவு ஒன்று: பாலாம்பிகை தும்முகிறார், கலியாணம்... (எழுதமாட்டேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?)

முடிவு இரண்டு: ஐயர் கையை இறக்கி, ரெறிக்கு விளக்கி... (அதற்குள் தும்மல் வந்துவிடும்.)

முடிவு மூன்று: சவிரிமுத்து தனியாக ஊதுகிறார்.

இதுதான் சரி. வாக்குக் கொடுத்தவர் அவரல்லவா? ட்ரம்பெற் உதட்டுக்குப் போய்விட்டது, மூச்சையும் இழுத்துவிட்டார். ஆனால் பாலாம்பிகையின் தும்மலுக்கு ஒரு ட்ரம்பெற் எந்த மூலைக்கு? நானும் உதவலாமென்று பார்த்தால், எழுத்துக்குச் சத்தம் கிடையாது. டும் டும் என்று பக்கம் நிறைய எழுதினாலும் மண்டபத்தில் ஒருவருக்கும் கேட்காது.

உங்களுக்குக் கை இருக்கிறது. பக்கத்தில் மேசை இருக்கும், குசினியில் சாப்பாட்டுத் தட்டு இருக்கும். அடுத்த வீட்டார் ஏதாவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். தாலி கழுத்தருகே வந்துவிட்டது. பாலாம்பிகையின் மூக்கு சுருங்கிவிட்டது. ஐயர் உயர்த்திய கையை இன்னும் இறக்கவில்லை. ட்ரம்பெற்றுக்கு மேலாகச் சவிரிமுத்து உங்களைத்தான் பார்க்கிறார்.

அடியுங்கள்!