எழுந்து நின்றவர்கள்

அண்ணி அந்த நீல வெல்வெட் துணியைச் சட்டென்று புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். கூட வந்திருந்த நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்நிய தேசத்துக் கடையில் கேட்காமல் கை வைக்கலாமா? ஆனால் பூவேலை செய்துகொண்டிருந்த பெண் ஊசியை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அழகு என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறவர்களையே பார்த்துச் சலித்திருப்பாள் போலும்.

பின்பக்கத்தில் ஒரு முடிச்சுகூடத் துருத்தவில்லை. பொன்னிழை துணிக்குள் இறங்கவே இல்லை. மேலே கிடத்தி, கண்ணுக்குப் படாத மெல்லிய நூலால் அங்கங்கே பிடித்துத் தைத்திருந்தாள். அண்ணியும் தையல்காரிதான். அவள் தைத்த ரவிக்கைக்காகப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வருவார்கள். ஆனால் அண்ணன் மாரடைப்பில் போனதிலிருந்து மெஷின் உறை போட்டபடியே கிடக்கிறது. இந்தச் சுற்றுலாவே அண்ணனும் அண்ணியும் வருவதாக இருந்தது. அண்ணன் இடத்தில் தங்கை வந்திருக்கிறாள். வழியெல்லாம் அண்ணி, "உம்", "சரி" என்பதற்கு மேல் பேசவில்லை.

"இது எங்கே போடற துணின்னு கேளு," என்றாள் இப்போது.

நாத்தனார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். தாங்கள் யூதர்கள், தொழுகைக் கூடத்தில் வேதச் சுருள் வைக்கும் பேழைக்கு முன்னால் தொங்கவிடும் திரை இது என்றாள் அந்தப் பெண். சாயங்காலம் வாருங்கள், பிரார்த்தனை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம் என்று, பக்கத்து வீட்டுக்காரியை அழைப்பதுபோல அழைத்தாள்.

"முன்னப்பின்ன தெரியாதவங்க அண்ணி..."

"துணியோட பின்பக்கத்தைப் பார்த்தேனே. போலாம்."

கூடத்தில் யாரும் அவர்களை வேடிக்கை பார்க்கவில்லை. ஒரு கிழவர் கைகூப்ப முயன்று, பாதியில் குழம்பி, கையைக் குலுக்கினார். பூவேலைக்காரி நகர்ந்து இடம் விட்டாள். புத்தகத்தில் இந்தப் பக்கம், இந்த வரி என்று விரலால் காட்டினாள், ஏதோ இவர்களுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியும் என்பதுபோல. பாட்டு ஒருவர் குரலில் தொடங்கிக் கூடமெங்கும் பரவியது.

பிறகு ஓர் அமைதி. அங்கொருவர், இங்கொருவராகச் சிலர் மட்டும் எழுந்தார்கள்.

"யாரையாவது பறிகொடுத்தவங்க நிப்பாங்க. அவங்களுக்கான பிரார்த்தனை," என்று பூவேலைக்காரி ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். நாத்தனார் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே அண்ணி எழுந்துவிட்டாள். நாத்தனார் அவசரமாகப் பூவேலைக்காரியைப் பார்த்தாள். தப்பில்லை என்று அவள் தலையசைத்தாள்.

நாத்தனார் நர்ஸ். அண்ணன் போன அன்று கையெழுத்துப் போட்டது, வண்டி பிடித்தது, மயங்கிய அண்ணிக்கு முகம் துடைத்தது எல்லாம் அவள்தான். வந்தவர்கள் அத்தனை பேரும் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவளிடம் காபி இருக்கிறதா என்று கேட்டார்கள்.

அண்ணியின் கை கீழே நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"எந்திரிம்மா. உனக்கும்தானே போனாரு."

எழுந்தாள். புரியாத அந்தச் சொற்களுக்கு நடுவே, உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே குரலில் பதில் சொல்லும்போதெல்லாம், யாரோ முதுகில் கை வைத்துத் தாங்குவதுபோல இருந்தது. அழுகை வந்தது. யாரும் அதைத் தடுக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் ரொட்டி கைமாறிக் கைமாறி வந்தது. கை குலுக்கிய கிழவர் எதிரே அமர்ந்து, யாரை நினைத்து நின்றீர்கள், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டார்.

நாத்தனார் மொழிபெயர்த்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"நீங்க சொல்லுங்க அண்ணி."

"சின்ன வயசுக் கதையெல்லாம் எனக்கென்ன தெரியும்? நீ ஆரம்பி."

"அடேயப்பா, எங்க அண்ணன் தேங்கா வாங்கப் போனாக்கூட, பேசற பேரத்துல கடைக்காரன் அழுதிடுவான்..."

அண்ணி களுக்கென்று சிரித்துவிட்டாள். இன்னும் ஒரு வார்த்தைகூட ஆங்கிலத்துக்கு வரவில்லை. ஆனாலும் மேசையின் அந்தக் கோடியில் இருந்த இரண்டு பெண்கள் தங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.