வாசனை போகும் தூரம்

"அம்மா, வாசனை எவ்வளவு தூரம் போகும்?" என்று மகன் சின்ன வயதில் ஒருமுறை கேட்டான். சலவைக்கூடத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தவள், சோப்பு மணக்கும் கையால் அவன் தலையைக் கோதி, "நீ இருக்கிற இடம் வரைக்கும்" என்றாள். அவன் கடல் தாண்டிப் போவான் என்று அப்போது நினைக்கவில்லை.

போனவன் அவ்வப்போது ஒரு பெட்டி அனுப்புவான். அதில் அவன் தேய்க்கும் அதே பற்பசை இருக்கும், லவங்கப்பட்டை மணத்தோடு. காலையில் அதைப் பிதுக்கினால், அவனே பக்கத்தில் நின்று வாய் கொப்பளிப்பதுபோல் இருக்கும்.

பிறகு அவளுக்கு ஈறு சிவந்து, தோலுரிந்து எரிய ஆரம்பித்தது. முதலில் பார்த்த மருத்துவர், "ஒழுங்கா பல் தேய்க்கிறதில்லை" என்று கடிந்துகொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வேளை தேய்த்தவள் மூன்று வேளை தேய்த்தாள், அதே பசையால். எரிச்சல் கூடியது. மகன் அழைத்தால்கூட "ம்", "சரிப்பா" என்பதோடு முடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உன் பேச்சுக்கு யாராவது வரி போட்டுட்டாங்களா?" என்று கூட வேலை பார்க்கும் இஸ்திரி அக்கா கேலி செய்தாள். கேலி செய்த கையோடு ஆறவைத்த கஞ்சியை நீட்டியதும், வேறு மருத்துவரிடம் இழுத்துப்போனதும் அவள்தான்.

இந்த மருத்துவர் விளக்கைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தார். "பல்லுல அழுக்கும் இல்லை, காரையும் இல்லை. தேய்க்காததால வந்தது இல்லைம்மா இது. என்ன பேஸ்ட் போடுறீங்க?"

"கடையில விக்கிறதுதான்."

அக்கா இடைமறித்தாள். "பொய் சொல்றா டாக்டர்! மகன் அனுப்புறது. வாசனை பிடிக்கக்கூட ஒருத்தரை விடமாட்டா."

சில தோல் நோய்கள் ஈறிலும் தலைகாட்டும் என்று சொல்லி, மருத்துவர் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பசையை நிறுத்தி, மணமில்லாத ஒன்றை மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னார். முடிவு வருவதற்குள் சிவப்பு பாதி வடிந்திருந்தது. "பெரிய நோய் எதுவும் இல்லை. ஒவ்வாமைதான். லவங்கப்பட்டை கலந்த எதுவும் இனி வாயில படக்கூடாது."

வெளியே வந்ததும், "எம்புள்ளைய எங்கிட்டேருந்து பிடுங்கிட்டீங்கல்ல அக்கா" என்றாள். அதன்பின் அக்காவிடம் பேசவில்லை. அக்காவும் வற்புறுத்தவில்லை. கஞ்சிப் பாத்திரம் மட்டும் தினமும் அவள் மேசைக்கு வந்துகொண்டிருந்தது.

ஈறு ஆறியது. காலைகள் வெறிச்சென்று ஆயின. கண்ணை மூடி நின்றாலும், கடவுளிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

ஒரு ஞாயிறு மகன் அழைத்தான். "அடுத்த பெட்டி அனுப்பட்டாம்மா?"

"வேண்டாம்ப்பா."

"ஏம்மா?"

இத்தனை வருஷமும் பெட்டி வருகிறதே என்று அடக்கிவைத்திருந்தது, எரியாத வாயிலிருந்து தானாக வந்தது. "பெட்டி வேண்டாம். நீ வா."

அவன் மூக்கை உறிஞ்சினான். "வரேம்மா" என்றான். எப்போது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன், யாரும் வருவதற்கு முன்பே சலவைக்கூடத்தைத் திறந்தாள். அக்காவின் மேசையில் முந்தின நாள் மிச்சம் மலைபோல் கிடந்தது. இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, ஒவ்வொரு விரிப்பாக மடிப்புக் கலையாமல் தேய்த்து அடுக்கினாள். கடைசி விரிப்பை வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் பின்வாசல் வழியாக வெளியேறினாள். இருட்டில் அந்த வெள்ளை அடுக்கிலிருந்து இன்னும் மெல்ல ஆவி எழுந்துகொண்டிருந்தது.