பர்மா அண்ணையின் பெனால்ட்டி

பர்மாக் கடையில் பர்மாச் சாப்பாடு எதுவும் கிடைக்காது. இடியப்பம் கிடைக்கும், ஆட்டிறைச்சிக் கறி கிடைக்கும், பின்னேரங்களில் சுடச்சுட மட்டன் ரோல் கிடைக்கும். வாசலுக்கு மேலே பலகையில் வேறொரு பெயர்தான் இருக்கிறது. ஆனால் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அதை யாரும் வாசிப்பதில்லை. "பர்மாக் கடையடியிலை நிக்கிறன்" என்றுதான் தொலைபேசியில் சொல்வார்கள். அதை நம்பி ஒருமுறை இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள் உள்ளே வந்து பர்மா நூடுல்ஸ் கேட்டார்கள். முதலாளியின் மனைவி கமலராணி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இடியப்பக் கொத்தை இரண்டு தட்டில் போட்டுக் கொடுத்தார். பாரிஸில் இவ்வளவு அசலான பர்மாச் சாப்பாடு வேறெங்கும் இல்லை என்று அவர்கள் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

பெயர் வந்தது முதலாளி ஜெயரட்ணத்தால். யாழ்ப்பாணத்தாருக்கு ஆளைப் பிரித்தறிய வெறும் பெயர் போதாது, பட்டம் வேண்டும். நொண்டினால் ஒரு பட்டம், திக்கினால் ஒரு பட்டம். வாலிபத்தில் சைக்கிளோடு கிணற்றுக்குள் விழுந்தவர் கிழவராகிக் கண்ணை மூடும்வரை 'கிணத்தடியர்'தான். மரண அறிவித்தலில்கூட அடைப்புக்குறிக்குள் பட்டத்தைப் போடுவார்கள். போடாவிட்டால் செத்தது யாரென்று ஊருக்குத் தெரியாமல் போய்விடும். இப்படிப் பட்டம் பெறுபவர்களில் பெரும்பாலானோர் எங்கேயாவது வழுக்கி விழுந்தவர்கள். ஒரு நல்ல காரியம் செய்து பட்டம் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜெயரட்ணம் அந்த விரல்களில் ஒன்று. அதனால்தான் யாராவது தெருவின் மறுபக்கத்திலிருந்து "பர்மா அண்ணை!" என்று கூப்பிட்டால், அவர் முதல் தடவை கேட்காததுபோல நின்று இரண்டாவது தடவையும் கூப்பிட வைப்பார்.

காரணத்தைக் கேட்டால் கல்லாவில் இருந்தபடியே சொல்வார்.

"அப்ப பர்மா எண்டால் ஆசியாவே எழும்பி நிக்கும், தம்பி. பாங்கொக்கிலை ஆசிய விளையாட்டுத் தங்கம், கோலாலம்பூரிலை மெர்டேக்கா கிண்ணம், பிறகு மியூனிக் ஒலிம்பிக். உதைபந்தாட்டத்திலை அவங்களோடை மோதுறதெண்டால் மற்ற நாட்டுக்காரர் முதல்நாளே சாப்பிட மாட்டினம். அந்த நாட்டு அணியிலை விளையாடினவங்கள் கொஞ்சப்பேர் ஒரு ரங்கூன் கிளப்போடை யாழ்ப்பாணம் வந்தவங்கள். எங்கடை அணிக்கு நான் கோல்கீப்பர். பத்தொன்பது வயசு. பெனால்ட்டி குடுத்திட்டாங்கள். அடிக்க வந்தவன் வளைஞ்ச கால்காரன். ரெண்டு காலுக்கும் இடையாலை ஒரு நாய்க்குட்டி ஓடலாம். பந்தை வைச்சான், சட்டைக் கையாலை துடைச்சான், திரும்பி நடந்தான். உதைச்ச சத்தம் கேக்க முதல் நான் இடப்பக்கம் பாய்ஞ்சிட்டன். இந்த மூண்டு விரல்தான். பந்து வெளியிலை!"

மூன்று விரல்களும் மின்விசிறிக்கு நேரே உயரும். "பிறகு?" என்று யாராவது கேட்டால், "பிறகென்ன, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்பார். கதை அங்கேயே நிற்கும்.

நம்பாதவர்களும் இருந்தார்கள். "யூடியூப்பிலை இல்லையே, பர்மா அண்ணை" என்று கடைக்கு வரும் இளம் பெடியள் சீண்டுவார்கள். அவர் சிரிப்பார். அந்த மைதானத்தில் நின்றவர்கள் உலகம் முழுக்கச் சிதறிவிட்டார்கள். ஆமென்று சொல்லவும் ஆளில்லை, இல்லையென்று சொல்லவும் ஆளில்லை. பட்டம் பத்திரமாக இருந்தது, நிஷாந்தன் தலையிடும்வரை.

நிஷாந்தன் லா சப்பல் தமிழர்களின் உதைபந்தாட்டக் கழகச் செயலாளர். கூசேன்விலில் வீடு, பக்கத்திலேயே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. கழகத்தின் புதிய சீருடையை ஒரு ஞாயிறு மதியம் பர்மாக் கடையின் நிலவறை மண்டபத்தில் அறிமுகப்படுத்துவதாக ஏற்பாடு. பிரதம விருந்தினர் இல்லாமல் நம்மவர்கள் ஒரு தேங்காய்கூட உடைக்க மாட்டார்கள். வழமையாக வரும் சட்டத்தரணி லண்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அப்போதுதான் நிஷாந்தனோடு வேலை செய்யும் பேர்ளி என்ற பர்மியப் பெண், தன் தகப்பன் ஒரு காலத்தில் நாட்டுக்காக விளையாடியவர் என்று சொன்னாள். நிஷாந்தனுக்குப் பொறி தட்டியது. பர்மாக்காரர் என்றால் ஒருவரையொருவர் தெரியாமலா இருக்கும்? எங்கள் ஆட்களில் யாரைப் பிடித்தாலும் மூன்றாவது கேள்வியில் சொந்தம் வந்துவிடுகிறதே!

"உன்ரை அப்பா யாழ்ப்பாணம் போனவரோ எண்டு கேள்."

கேட்டுக்கொண்டு வந்து பேர்ளி சொன்னாள், "கிணத்துத் தண்ணி உப்பாய் இருந்த ஊர்தானே என்று அப்பா கேட்கிறார்."

அவ்வளவு போதும். நிஷாந்தன் கழகத்தில் எல்லோருக்கும் சொன்னான், ஜெயரட்ணத்துக்கு மட்டும் சொல்லவில்லை. ஆனந்த அதிர்ச்சி கொடுக்கப் போகிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை. நிலவறை மண்டபத்தில் கதிரைகள் நிறைந்துவிட்டன. ஜெயரட்ணம் ரோல் தட்டோடு நின்றபோது படிகளில் ஆரவாரம் கேட்டது. நிலவறைக்கு இறங்கி வருபவர்களின் கால்தான் முதலில் தெரியும். மெதுவாக, ஒவ்வொரு படியாக, இரண்டு கால்கள் இறங்கி வந்தன. வில்லைப் போல வளைந்த கால்கள்.

தட்டிலிருந்த ரோல்கள் ஒரு பக்கமாக உருண்டன.

"என்னப்பா, தட்டுச் சரியுது?" என்றார் கமலராணி.

"ஒண்டுமில்லை. சூடு."

விரலில் பந்து பட்டது உண்மை. அதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் உதைத்தவனுக்கு அது தெரிந்திருக்குமா? இத்தனை வருடத்துக்குப் பிறகு நினைவிருக்குமா? இந்த மனிதர் தலையை ஒருமுறை இல்லையென்று ஆட்டினால், நாளைக் காலை லா சப்பல் முழுக்க அவர் 'புளுகுப் பர்மா'.

கழகத் தலைவர் தவரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தார். அந்த மண்டபத்துக்கு ஒலிவாங்கி தேவையே இல்லை, இருமினால் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆனாலும் பிடித்தார்.

"எங்கள் மத்தியிலே ஒரு மாபெரும் வீரர் வருகை தந்திருக்கிறார். மியூனிக் ஒலிம்பிக்கிலே களமாடிய ஊ பா தோங் அவர்கள்..."

ஊ என்பது பர்மாவில் நம்முடைய ஐயா மாதிரி. ஊ பா தோங் மாலையும் பொன்னாடையுமாகக் கையை ஆட்டி மறுத்தார். அவர் பர்மிய மொழியில் சொன்னதைப் பேர்ளி பிரெஞ்சில் சொல்ல, நிஷாந்தன் தமிழில் சொன்னான்.

"மியூனிக்குக்குப் போகேல்லையாம். முழங்காலிலை காயமாம். பாங்கொக்குக்குத்தான் போனவராம். அங்கையும் விளையாடேல்லையாம், பதிலாளாய் மைதான ஓரத்திலை இருந்தவராம்."

சபையில் சின்னச் சலசலப்பு. கிழவர் கவலைப்படாமல் இன்னொன்று சொன்னார்.

"நல்ல இடமாம். அங்கையிருந்தால்தான் முழு ஆட்டமும் தெரியுமாம்."

மண்டபம் சிரித்தது. அதோடு அவரை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பெடியள் தொலைபேசியில் தேடிப் பார்த்து, "உண்மையாவே பர்மா தங்கம் எடுத்திருக்கடா!" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த நாடு இந்த விளையாட்டில் இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும்.

தவரத்தினம் ஜெயரட்ணத்தை ஏப்ரனோடு முன்னால் இழுத்தார். "ஐயா, இவரைத் தெரியுதோ?"

கிழவர் உற்றுப் பார்த்தார். பணிவாகத் தலையை ஆட்டினார். தெரியவில்லை.

"கோல்கீப்பர் எண்டு சொல்லு" என்றான் நிஷாந்தன் பேர்ளியிடம்.

கிழவரின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் தன் காதருகே கொண்டுபோய் விரித்துக் காட்டினார். ஒல்லியான பெடியன், பெரிய காது! மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. சிரிப்பு அடங்கியதும் தவரத்தினம் கேட்டார், "உங்கடை பெனால்ட்டியை இவர் தடுத்தவர் எண்டு இஞ்சை எல்லாருக்கும் தெரியும். அதை உங்கடை வாயாலை ஒருக்கால்..."

ஊ பா தோங் நேர்மையான மனிதர். யோசித்துத்தான் பதில் சொன்னார். பேர்ளி தயங்கினாள். நிஷாந்தனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்னவாம்?" என்றார் கமலராணி.

"ஒருத்தரும் தடுக்கேல்லையாம். பந்து கோல் போஸ்டிலை பட்டதாம். தன்ரை பெனால்ட்டியை ஒரு மனிசரும் தடுத்ததில்லையாம். ஒரு போஸ்ட்தான் தடுத்ததாம்."

கூரை பறக்கச் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்ப இனிமேல் போஸ்ட் அண்ணை!"

"போஸ்ட் அண்ணை! ஒரு தேத்தண்ணி!"

ஜெயரட்ணத்துக்குத் தன் மரண அறிவித்தல் கண்முன் தெரிந்தது. அடைப்புக்குறிக்குள் புதிய பட்டம். மேலே போய் அடுப்பைப் பார்க்கலாமா என்று கால் படிப்பக்கம் திரும்பியது.

போகாமல் நின்றார். விரலில் பட்டதற்கு ஒரு சாட்சி இருந்தது. அவருக்கு அது எப்போதும் தெரியும். ஆனால் அந்தச் சாட்சி வெளியே வந்தால், "பிறகு?" என்ற கேள்விக்கும் பதில் வெளியே வரும். தேத்தண்ணி ஊற்றி ஊற்றி அவர் மூடி வைத்திருந்த பதில்.

கமலராணியைப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கறி கரிந்துவிட்டதா இல்லையா என்று முகர்வதுபோலப் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிஷாந்தன்," என்றார் ஜெயரட்ணம், "பிறகு என்ன நடந்ததெண்டு அவரைக் கேள்."

கேள்வி போய்ச் சேர்ந்ததுதான் தாமதம், ஊ பா தோங் கதிரையை விட்டு எழுந்தார். மாலையைக் கழற்றிப் பேர்ளியிடம் கொடுத்தார். இந்தக் கதை அவருடைய கதை. நூறு தடவை சொல்லிப் பழகிய கதை என்று பார்த்தாலே தெரிந்தது. பெனால்ட்டி வெளியே போன கையோடு, மைதானத்தின் அந்த மூலையிலிருந்து தோழன் கோர்னர் உதைக்கிறான். பந்து வளைந்து வருகிறது. இவர் இங்கேயிருந்து ஓடுகிறார். இரண்டு யாழ்ப்பாணத்துப் பின்வரிசைக்காரர்களுக்கு மேலாக எழும்புகிறார். நெற்றி! கிழவர் தன் நெற்றியைச் சடாரென்று முன்னால் வெட்டினார். கோல்! காதுப் பெடியன் காற்றில் பிய்ந்த குடைபோல நிலத்தில் கிடக்கிறான்.

"ஒண்டுக்குப் பூச்சியம். அவையள் வெண்டிட்டினமாம்" என்று முடித்தான் நிஷாந்தன்.

பிறகு முன்னதைவிடப் பெரிய சிரிப்பு.

"அடுத்த நிமிசமே கோல் விட்டிட்டியளோ!"

"அதுதானே, கதை எப்பவும் தேத்தண்ணியிலை முடிஞ்சது!"

ஜெயரட்ணம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஓர் ஏப்ரனோடு அவ்வளவு கம்பீரமாக யாரும் நின்றதில்லை. "சிரிச்சு முடிச்சிட்டியளோ? இனி நான் ஒண்டு கேக்கிறன். தவரத்தினம், நீ நடுவராய் நிண்டனி. பெனால்ட்டி நேரை போஸ்டிலை பட்டு வெளியிலை போனால் என்ன குடுக்கிறது?"

"கோல் கிக். பந்து எங்கடை பக்கம்."

"அப்ப அவைக்கு ஏன் கோர்னர் குடுத்தவங்கள்?"

தவரத்தினம் முதல்தடவையாக ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். மண்டபத்தில் எல்லோர் தலைக்குள்ளும் பந்து ஒருமுறை போஸ்டில் பட்டு வெளியே போனது. யார் கடைசியாகத் தொட்டால் கோர்னர்? நிஷாந்தன் துள்ளி எழுந்தான்.

"கீப்பர் தொட்டால்தான்! கீப்பர் தொடாமல் கோர்னர் இல்லை!"

பேர்ளி அதைத் தகப்பனிடம் சொன்னாள். அவர் முதலில் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். பிறகு ஜெயரட்ணத்திடம் நடந்து வந்து, அவருடைய கையைப் பிடித்துத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். எது எது என்று கண்ணால் கேட்டார். ஜெயரட்ணம் மூன்றையும் காட்டினார்.

கிழவர் சொன்னதைப் பேர்ளி சிரித்துக்கொண்டே சொன்னாள். "அந்தக் கோலை இவ்வளவு காலம் எல்லாருக்கும் சொன்னாராம். அந்தக் கோர்னர் எப்படி வந்தது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லையாம்."

உடனே கிழவர் ஒரு விரலை உயர்த்தி இன்னும் ஏதோ சொன்னார்.

"ஆனால் போஸ்டிலும் பட்டதாம். சத்தம் கேட்டதாம்."

"ஓம், பட்டதுதான்" என்றார் ஜெயரட்ணம். "விரலிலை பட்டுத்தான் போஸ்டிலை பட்டது."

ஊ பா தோங் கொஞ்சம் யோசித்தார். தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டார். பொன்னாடையைத் தன் தோளிலிருந்து எடுத்து ஜெயரட்ணத்தின் தோளில் போட்டபோது எழுந்த கைதட்டலில், சீருடை அறிமுகம் செய்ய மறந்தே போனார்கள். பெடியள் தாங்களாகவே பெட்டியை உடைத்து எடுத்துப் போட்டுக்கொண்டு ரோல் சாப்பிட்டார்கள்.

மேலே வந்ததும் கமலராணி பிடித்துக்கொண்டார். "கலியாணம் கட்டி இவ்வளவு காலம். கோல் விட்டதை எனக்கும் சொல்லேல்லையே நீங்கள்?"

"நீ கேக்கேல்லை."

"பிறகு என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது எண்டு எத்தினை தரம் கேட்டனான்? என்னட்டையும் தேத்தண்ணி குடிக்கிறியோ எண்டுதானே கேட்டனீங்கள்!"

கேத்தலை அடுப்பில் வைக்கப் போன அவருடைய கையைக் கமலராணி பார்த்துவிட்டார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து கதை இரட்டிப்பு நீளமாகிவிட்டது. பெனால்ட்டியை அவசரமாக முடித்துவிட்டுக் கோர்னருக்குத் தாவுகிறார் ஜெயரட்ணம். சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே வந்து நின்று, பர்மாக்காரன் எவ்வளவு உயரம் எழும்பினான் என்று கையால் காட்டுகிறார். ஞாயிறுகளில் ஊ பா தோங்கே வந்து ஓரத்து மேசையில் இருந்தால் இன்னும் விசேஷம். ஜெயரட்ணத்தின் கை நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அவர் இடியப்பத்தை மென்றபடி, இல்லை இல்லை, இன்னும் மேலே என்று சைகை காட்டுவார். ஜெயரட்ணம் உடனே கையை உயர்த்திவிடுவார். அவ்வளவு உயரம் எழும்பியவனை எந்தக் கோல்கீப்பரால்தான் தடுக்க முடியும்? வாரத்துக்கு வாரம் உயரம் கூடிக்கொண்டே போகிறது. இதுவரை இருவரில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.