வலி எம்புட்டு

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், புதன்கிழமை பதினோரு மணிக்கு ஜெபா கூப்பிடுவாள். அதற்காகப் பரிபூரணம் பத்தரைக்கே அடுப்பை அணைத்துவிட்டு, செல்போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவள் குடியிருந்த ஒற்றை அறைக்கு வேறு யாரும் வருவதுமில்லை, கூப்பிடுவதுமில்லை. தங்கை பியூலா திருப்பூரிலிருந்து கிறிஸ்துமஸுக்குப் பேசுவாள். ராஜபாளையம் மில்லில் இருபத்திரண்டு வருஷம் கூட நின்று வேலை பார்த்தவர்கள் விபத்து நடந்த மாதம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். அதோடு சரி.

மில் வேனிலிருந்து இறங்கும்போது லாரி தட்டியதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, நாலு சென்டிமீட்டர் எலும்பே இல்லாமல் போயிருந்தது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்துப் பார்த்ததும் பிடிக்கவில்லை. கடைசியில் மதுரையில் ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். எலும்பை வளரத் தூண்டும் மருந்தை ஜவ்வரிசிக் கூழ் போன்ற ஒரு ஜெல்லில் கலந்து இடைவெளியில் நிரப்பினார்கள். ஜெல் மெல்லக் கரையும், கரையக் கரைய மருந்து கசியும், அந்த இடத்தில் அவளுடைய சொந்த எலும்பே வளரும் என்றார் டாக்டர்.

ஜெபா அந்த ஆராய்ச்சியில் நர்ஸ். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூப்பிட்டு, "வலி எம்புட்டுக்கா? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்பாள். எழுதிக்கொண்ட பிறகு போனை வைத்துவிட மாட்டாள். என்ன குழம்பு என்று கேட்பாள். ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டுவாள்.

ஜெல் வைத்த எட்டாம் மாதம் பரிபூரணம் பூஜ்யம் என்றாள். ஜெபாவுக்குச் சந்தோஷம். "இன்னொரு தடவ பூஜ்யம் வந்துட்டா போதும்க்கா. பொறவு வருஷத்துக்கு ஒரு தடவ கூப்பிட்டாப் போதும்."

அடுத்த புதன்கிழமைக்கு முன்தினம் பரிபூரணம் கைத்தடி இல்லாமல் மார்க்கெட் வரை நடந்து போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்திருந்தாள். போன் வந்தது. "நாலு" என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் தன் குரலே தனக்குக் கேட்டது.

அதற்கடுத்து ஆறு. ஜெபா பதறிப்போனாள். எந்த இடத்தில், நடக்கும்போதா, படுக்கும்போதா என்று அந்த வாரம் மூன்று தடவை கூப்பிட்டாள். அவ்வளவு அக்கறையாகத் தன்னை யாரும் விசாரித்ததாகப் பரிபூரணத்துக்கு நினைவில்லை.

மதுரைக்கு வரச் சொன்னார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இடைவெளி இருந்த இடம் வெள்ளையாக நிறைந்திருந்தது.

"எலும்பு அருமையா சேந்திருக்கு. வலி மட்டும் ஏறிட்டே போகுது. உள்ள கிருமி இருக்கலாம், திறந்து பாத்துருவோம்." ஜெபாவிடம் திரும்பினார். "காரணம் தெரியிற வரைக்கும் அடுத்த ஆளுக்கு ஜெல் வைக்க வேண்டாம். வெளிய உக்காந்திருக்காரே, அவர அனுப்பிரு."

ஜெபா கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"ஜெபா, நில்லு" என்றாள் பரிபூரணம். "எனக்கு வலிக்கல. ரெண்டு மாசமா வலிக்கவே இல்ல. பொய் சொன்னேன்."

"ஏன்க்கா?"

"பூஜ்யம்னு சொன்னா நீ கூப்பிட மாட்டேல்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வெளிய இருக்கறவர அனுப்ப வேண்டாம்" என்றார். ஜெபா ஃபைலைத் திறந்து அந்த இரண்டு எண்களையும் ஒற்றைக் கோடாக அடித்து, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். "இப்ப நீங்க சொன்னதையும் அப்படியே எழுதணும்க்கா" என்றாள், அவளைப் பார்க்காமல்.

வெளியே பெஞ்சில், காலைச் சுற்றி இரும்பு வளையங்களோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். கான்சாபுரத்துக்காரன், பெயர் வல்லரசு. டிராக்டர் ஏறிவிட்டதாம். அவளுடைய ஸ்கேன் உறையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் அந்த ஜெல் வச்சாங்களா?" என்று கேட்டான்.

"ஆமா."

"நடக்க வருதா?"

பரிபூரணம் உறையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடி வரை நடந்தாள். திரும்பி வந்தாள். அவன் கேட்காமலே மறுபடியும் நடந்தாள். அவன் முன்னால் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.